அஞ்சு வருசக் குத்தகை

டாக்டரின் இங்கிலீஷ் கடிதத்தை வாசித்துச் சொல்ல எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் ஊர் நாச்சியாபுரத்தில் தலைமை ஆசிரியர் இருந்தார், போஸ்ட்மாஸ்டர் இருந்தார். ஆனால் வீட்டுப் பெண்ணின் இடுப்பைப் பற்றிய கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வெளியாள் வாசலில் போய் நிற்க என் அப்பா பெரியகருப்பனுக்கு மானம் இடம் கொடுக்காது. அதனால் நான்தான். கல்யாணசுந்தரி, பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் வகுப்பு. எங்கள் வகையறாவில் முதல் பட்டதாரி. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படிப்பின் மேல் யாருக்கோ ஆசை இருந்து என்னைக் காலேஜுக்கு அனுப்பியதாக நினைக்க வேண்டாம். எனக்கு மூத்தவள் முத்தழகு. பத்து வயதில் காய்ச்சல் வந்து, வலது இடுப்பு மூட்டில் சீழ் வைத்து, ஆறிய பிறகு மூட்டு இறுகிப்போனது. கால் இரண்டு அங்குலம் குட்டை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புவாள். தரையில் உட்கார முடியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடமும் போயிற்று. மூத்தவளுக்கு ஆகாமல் இளையவளுக்குக் கல்யாணம் செய்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மூத்தவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. நான் சும்மா கிடக்க வேண்டிய வருடங்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் காரைக்குடிக் காலேஜில் கொட்டினார்கள். முடித்த பிறகு காரைக்குடியிலேயே செக்காலையில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக டீச்சர் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன்.

ஆபரேஷனுக்கு முதல் கடிதம் எழுதியதும் நான்தான். மதராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் கெட்டுப்போன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினேன். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் வைப்பது, இளம் வயதுக்காரர்கள் ஓடியாடிச் சீக்கிரம் தேய்த்துவிடுவார்கள் என்று டாக்டர் முதலில் தயங்கினார். பிறகு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். 1976 மாசியில் ஆபரேஷன் நடந்தது. ஓர் எஃகுத் தண்டு, அதன் தலையில் பெரிய கோலிக்குண்டு அளவுக்கு ஓர் உருண்டை, அது உட்கார்ந்து திரும்ப ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடித்துவைக்க ஒரு வகைச் சிமெண்ட். ஒரு மூட்டைச் சிமெண்டுக்குத் தாலுகா ஆபீஸில் பெர்மிட்டுக்கு நிற்கிற காலம் அது. உன் மகளுக்கு மட்டும் பெர்மிட் இல்லாமல் கிடைத்துவிட்டதே என்று ஊர்க்காரர்கள் அப்பாவைக் கேலி செய்தார்கள். அப்பா அதற்கெல்லாம் சிரித்தார். நான் பட்டம் வாங்கியபோதுகூட அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் ஊருக்கு வந்த அன்றைக்குத்தான் எனக்குள் அது தொடங்கியது. திருப்பத்தூர் பஸ்ஸிலிருந்து கம்பை ஊன்றி இறங்கினாள். பின்னால் என் ஆத்தா சோணையம்மாள், அதற்கும் பின்னால் இரண்டு கைகளிலும் பை, தலையில் படுக்கை என்று நான். கடைவீதி முழுக்க எழுந்து நின்று பார்த்தது. நேராக நடந்தாள். இருபத்தைந்து வருடம் இரண்டு நல்ல கால்களோடு அதே வீதியில் நடந்திருக்கிறேன், ஒரு நாயும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் சாய்ந்து நடந்ததால்தான் நான் நேராக நடக்கிறவளாக இருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இனிமேல் நான் யார்?

இதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் கோட்டைச்சாமி இருந்தார்.

கோட்டைச்சாமி என் தாய்மாமன் மகன். மின்சார போர்டில் வயர்மேன், திருப்பத்தூரில் வீடு. மூத்தவளுக்கு வழியில்லாததால் அவர் எனக்குத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரு தடவை இடமாற்றத்துக்கு இங்கிலீஷில் மனு எழுதித் தரக் கேட்டார். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அதை நான் காதல் என்று எடுத்துக்கொண்டேன். அவர் அதை மனு என்றுதான் எடுத்துக்கொண்டார்.

எழுபத்தேழு ஆனியில் அவருடைய அம்மா, என் அத்தை, வெற்றிலைத் தட்டோடு வந்தார். மூத்தவளைக் கேட்டுத்தான். முறைப்படி மூத்தவள் இருக்க இளையவளைக் கேட்க முடியாது, அதோடு மகனுக்கே அவள்மேல் ஒரு பிரியம் இருக்கிறது என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: படித்த பெண், அவளுக்குப் படித்த இடமாகப் பார்ப்பீர்கள். என்னைத் தள்ளிவைக்கப் பட்டத்தை எவ்வளவு அழகாகப் பயன்படுத்தினார் பாருங்கள். ஆனால் அத்தைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

"கோவிச்சுக்காதீக அண்ணே. ஆடு வாங்குனாலே பல்லப் புடிச்சுப் பாத்துத்தான வாங்குறோம். அந்த இரும்பு எத்தன வருசம் வரும்னு டாக்டருக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க. பதில் வரட்டும், தட்ட மாத்திக்கிருவோம்."

அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன்.

ஆவணி நடுவில் பதில் வந்தது. தபால்காரர் மத்தியானம் கொடுத்துவிட்டுப் போனது, நான் மாலை பஸ்ஸில் வரும் வரை சாமி படத்துக்குக் கீழே பிரிக்காமல் இருந்தது. அத்தைக்கு ஆள் போய், அவரும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றியதும் அப்பா உறையை நீட்டினார். நின்றபடியே முதலில் எனக்குள் வாசித்தேன்.

டாக்டர் நேர்மையான மனிதர். இந்த மாதிரி மூட்டை இங்கிலாந்தில் முதன்முதலில் வைத்துக்கொண்டவர்களுக்கே இப்போது பதினைந்து வருடம்தான் ஆகிறது, அவர்களில் பலர் நன்றாக நடக்கிறார்கள், அதற்கு மேல் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். அவர்களெல்லாம் வயதானவர்கள், உங்கள் அக்கா இளையவள், அதனால் உறுதி சொல்ல மாட்டேன்; ஆனால் குந்தி உட்காராமல், இடுப்பை ஆழமாக மடக்காமல், பாரம் தூக்காமல் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம் வரும் என்று நம்புகிறேன். தேய்ந்து தளர்ந்தால் மறுபடி ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இரண்டாவது ஆபரேஷன் முதலாவது மாதிரி சுலபமில்லை. எழும்போது தொடையில் வலித்தால் தாமதிக்காமல் வர வேண்டும்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். முத்தழகு நிலைப்படியில் நின்றிருந்தாள். இரண்டு பாதமும் தரையில் ஒரே மட்டமாகப் பதிந்து, எதையும் பிடிக்காமல். கோட்டைச்சாமி அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனுவை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"அஞ்சு வருசம்" என்றேன்.

பதினைந்தில் பத்தைக் கழிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

அத்தை வாயில் போட்ட வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "அஞ்சா? ஒரு எவர்சில்வர் குடம் இருவது வருசம் வருதே."

வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று அப்பா கேட்டார். அவ்வளவுதான், சவுக்கியம் விசாரித்திருக்கிறார் என்றேன். குந்தக் கூடாது, தூக்கக் கூடாது என்பதையெல்லாம் வாசித்தால் பதினைந்தும் சேர்ந்து வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. மொத்தமாக மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆத்தா அடுப்படிக்குள் போய்விட்டாள். முத்தழகு மட்டும் என்னிடம் வந்து ஒன்று கேட்டாள்.

"இந்த அஞ்சு, ஆபரேசன் பண்ணுன நாள்ல இருந்தா, இன்னைக்குல இருந்தா?"

"ஆபரேஷன்ல இருந்து" என்றேன். அதிலும் ஒன்றரை வருடத்தைக் கழித்துக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. இதை மறைப்பானேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து கோட்டைச்சாமி அம்மாவுக்குத் தெரியாமல் தனியாக வந்தார். நான்தான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு அப்பாவிடம் நேராகச் சொன்னார்.

"நடக்கிற மட்டும் நடக்கட்டும் மாமா. அஞ்சு வருசத்துக்கு அப்புறம் என் சைக்கிள்ல கேரியர் இருக்குல்ல. அவ சம்மதத்தக் கேட்டுச் சொல்லுங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். பத்து வருடத்தைத் திருடியும் அவருக்கு அது குறைவாகத் தெரியவில்லை. மிச்சம் இருந்த மூன்றரையே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆயுள் முழுக்க வரக்கூடிய என் இரண்டு கால்களையும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. முத்தழகிடம் கேட்டார்கள். தை கழியட்டும், அதற்கு முன் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றாள்.

அந்த வேறு வேலை என்ன என்று புரட்டாசியில் தெரிந்தது. கருத்தையா ஆசாரி அவளுக்காகச் செய்து கொடுத்திருந்த உயர முக்காலியை எடுத்துக் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்தாள். குந்தி உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கினாள். ஊருணியிலிருந்து தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்தாள். டாக்டர் சொன்ன பத்தியமெல்லாம் ஆறு மாதத்துக்குத்தான் என்று ஆத்தாவும் நினைத்திருந்தாள். மகள் வேலை செய்வதைப் பார்க்க அவளுக்கு ஆனந்தம். ஐப்பசியில் மழை விழுந்து கண்மாய் நிறைந்ததும் முத்தழகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு காளியாயியின் நடவுக் கூட்டத்தோடு வயலில் இறங்கிவிட்டாள். பதினேழு வருடம் வரப்பில் நின்று பார்த்தவள்.

இவ்வளவு செய்யலாமா என்று நான் ஒரு தடவை கேட்டேன். எனக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. அவள் நாற்றுமுடியை அலசிக்கொண்டே சிரித்தாள்.

"அஞ்சு வருசக் குத்தகைக்கு எடுத்த வயல்ல எவனாச்சும் எரு அடிப்பானாடி? இருக்கிற சத்தையெல்லாம் இழுத்து வெளைய வச்சிட்டுத்தான் விடுவாக. எப்படியும் திருப்பிக் குடுக்கப்போற கால். பாத்துப் பாத்து வச்சு யாருக்குக் குடுக்க?"

நான் நினைத்தது அவள் பயந்து மூலையில் உட்காருவாள் என்று. விவசாயி வீட்டில் பிறந்தும் இது எனக்குப் புரியாமல் போனது. அவள் சிக்கனம் பிடிக்கவில்லை. உழுது தள்ளினாள். அதிலும் அவள் முகத்தில் ஒரு களை. சேறு தெறித்த அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது. என் பொய்யில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

நடவு மூன்றாம் நாள் சனிக்கிழமை. பள்ளி அரை நாள். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியாக வந்தேன். முத்தழகு நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே ஈர வரப்பில் வந்துகொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். கட்டை இறக்கிவைத்துவிட்டுக் குந்தினாள். திரும்ப எழும்போது வலது தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு. அப்புறம்தான் அடுத்த எட்டு வைத்தாள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஒரு வாரமாக எழும்போதெல்லாம் தொடையில் சுருக்கென்று குத்துகிறது, நாலு எட்டு வைத்தால் போய்விடும் என்றாள். ஏதோ செருப்புக் கடியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை வீட்டில் வைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. எடுத்தேன்.

"தூக்காதக்கா அந்தக் கட்ட. அஞ்சு இல்ல. பதினஞ்சு வருசம்னு எழுதியிருக்காரு. நான் மாத்திச் சொன்னேன்."

நடவுப் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் வரப்பில் நின்று அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை தமிழில் சொன்னேன். குந்தக் கூடாது, மடக்கக் கூடாது, தூக்கக் கூடாது, தொடை வலித்தால் உடனே வர வேண்டும். சொல்லி முடித்ததும் காளியாயி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் துப்பினாள்.

"அன்னைக்கு அஞ்சுன்னு வாசிச்சா, இன்னைக்குப் பதினஞ்சுங்கிறா. மாப்ள வீட்டுல மசியலைன்னா நாளைக்கு அம்பதுன்னும் வாசிப்பா. இங்கிலீசு நமக்கென்ன தெரியும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவைக் கரையேற்றத் தங்கை பொய் சொல்கிறாள் என்று அவர்கள் என்னை நல்லவளாக நினைத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் ஊர் என்னை மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

முத்தழகு சிரிக்கவில்லை. கடிதத்தைப் பார்க்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் அன்னைக்குக் காகிதத்தப் பாக்காம எங்காலையே பாத்துக்கிட்டு வாசிச்சியா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"கோட்டச்சாமிக்காகவா?"

"அதுக்கு மட்டும் இல்ல" என்றேன். நீ நேராக நடக்கிறாய் என்று எப்படிச் சொல்வது?

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்றுக்கட்டைக் காட்டினாள். "எடு. அங்குட்டுக் கொண்டு போயி மிச்சத்த நீ நடு." நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய மெல்லிய வாயல் சேலையோடு சேற்றில் இறங்கினேன். இரண்டு வரிசை நடுவதற்குள் முதுகு பிளந்தது. அவள் வரப்பில் நின்றபடி, நாற்றுக் குத்தை நெருக்கி வைக்காதே, வேரை மடக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காளியாயி எனக்குப் பின்னால் வந்து நான் நட்டதையெல்லாம் பிடுங்கித் திரும்ப நட்டாள்.

அன்று சாயங்காலமே முத்தழகு ஓர் இன்லண்ட் லெட்டரை என் முன்னால் வைத்தாள். நான் பேனாவைத் திறந்ததும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டாக்டரு என்கிட்டத் தமிழ்லதான பேசுனாரு. நீ இங்கிலீசுல எழுதுனதாலதான அவரும் இங்கிலீசுல எழுதுனாரு? அஞ்சாவது வரைக்கும் நானும் படிச்சிருக்கேன். நீ போயி கை காலக் கழுவு."

ஒன்றரை மணி நேரம் எழுதினாள். நான் முற்றத்தில் நின்று அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். எத்தனை நாள் நட்டேன், எத்தனை குடம் சுமந்தேன், எந்த இடத்தில் குத்துகிறது, இனிமேல் எத்தனை வருடம் என்று கேட்டிருப்பாள். ஊகம்தான். பின்பக்கத்தில் தன் பெயரை எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டி, தபால் பெட்டிவரை தானே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். ஆத்தாவிடமும் அப்பாவிடமும் நான் செய்ததை அவள் சொல்லவில்லை. நானே சொன்னேன். அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அத்தைக்கும் சொல்லி அனுப்பினார்கள். பதினைந்து என்பதை அவர் நம்பவில்லை, முதல் வாசிப்புதான் உண்மை என்று இன்னும் சாதிக்கிறார்.

அதன் பிறகு முத்தழகு குந்தவில்லை, குடம் எடுக்கவில்லை. ஊருணித் தண்ணீர் மறுபடி என் தலைக்கு வந்தது. கோழிக்கூண்டுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு முக்காலியைக் கழுவி உள்ளே எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் பதில் வந்தது. உறையில் தமிழில் அவள் பெயர். நான் பள்ளியிலிருந்து வந்தபோது முற்றத்து வெளிச்சத்தில் தூணில் சாய்ந்து நின்று எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. வாசித்து முடித்து நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"என்ன போட்டிருக்காரு?"

"மதராசுக்கு வரச் சொல்லியிருக்காரு. படம் எடுத்துப் பாக்கணுமாம்."

"எத்தன வருசம்னு போட்டிருக்காருக்கா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். அந்தச் சிறிய ஆட்டம், அவள் நடையில் இதற்கு முன் இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாலேயே போய் மறுபடி கேட்டேன். கெஞ்சியும் கேட்டேன். உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கோட்டைச்சாமி சைக்கிளில் வந்து இறங்கினார். முத்தழகு வேப்பமரத்தடிக்குப் போய் அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். அவர் வாசித்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் விரலை மடக்கி எண்ணினார். ஒரு கை முடிந்து இரண்டாவது கைக்குப் போனார். அப்போது அவள் நகர்ந்து அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். அதற்கு மேல் எத்தனை விரல் மடங்கியது என்பதை அவள் முதுகு மறைத்துவிட்டது. பஸ் ஹாரன் அடித்தது. நான் அங்கேயே நின்றேன்.